டிராகன் பால் பைட்டர்ஸ்: சூப்பர் டாஷை எப்படி நிறுத்துவது? கொம்போவும் பாதியில் விட்டுப்போகிறது

களுவாஞ்சி_கோகு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கிறேன். ஆலையடிவேம்பில் இருக்கும் மாமியின் மகன் வெள்ளிக்கிழமை பின்னேரம் பிஎஸ்4-ஐப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவான். ஞாயிறு வரை டிராகன் பால் பைட்டர்ஸ் என்ற சண்டைக் கேம்தான், வேறு கேம் கிடையாது.

பிரச்சினை என்னவென்றால் அவன் ஒன்றுமே பழகுவதில்லை. ப்ரோலி, வெஜிட்டா, பியரஸ் மூவரையும் எடுப்பான். சூப்பர் டாஷில் பறந்து வருவான். பட்டால் லைட் (மெல்லிய அடி) பட்டனை விடாமல் அழுத்துவான், கொம்போ, அதாவது தொடர் அடி, தானாக வந்துவிடும். படாவிட்டால் திரும்பவும் பறப்பான். நானோ கிழமை முழுக்க லப்டொப்பில் ட்ரெய்னிங் மோடைப் போட்டுக்கொண்டு, யூடியூப்பில் பார்த்த நீளமான கொம்போ ஒன்றை சூப்பர் சையன் கோகுவுக்குப் பழகுகிறேன். அதில் நிற்கிற பொம்மை எதிராளிக்கு அடிக்கும்போது அநேகமாக வருகிறது. மச்சானுக்கு அடிக்கும்போது நடுவில் கை வேறெங்கோ போய்விடுகிறது. தோற்றால் அவன் வாய் சும்மா இருக்காது. மாமிக்கும் போன் எடுத்துச் சொல்கிறான்.

தூரத்தில் நின்று ஸ்பெஷல் பட்டனால் குண்டு எறிந்து பார்த்தேன். அதையும் துளைத்துக்கொண்டு வருகிறான். இதை நிறுத்த வழி இருக்கிறதா, இல்லாவிட்டால் கேமே அப்படித்தானா? கோகுவை விட்டுவிட்டு வேறு ஆளை எடுக்க வேண்டுமா? கொம்போ தவறாமல் வர என்ன செய்வது?

ஏறாவூர்_நப்பா எழுதியது:

கீழ் + ஹெவி, அதாவது கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பலத்த அடி பட்டன். வேறொன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மச்சான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவான்.

பாலத்தடி_வெஜிட்டா எழுதியது:

நப்பா சொன்னது சரி. ஆனால் எப்போது அழுத்துவது என்று சொல்லாமல் போய்விட்டார். கண்டபடி அழுத்தினால் தம்பி இன்னும் மோசமாக அடி வாங்குவான்.

நான் கல்லடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடை பூட்டிய பிறகு பின் அறையில் பொடியன்கள் கூடுவார்கள். பைட்டர்ஸ் 2018 ஜனவரியில் வந்தது, எங்கள் அறையில் இன்னும் அதுதான் ஓடுகிறது. புதிதாக வருகிற எல்லோரும் உன் மச்சானைப் போலத்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அது வேலை செய்கிறது. அதை நிறுத்தத் தெரியாத ஒருவன் எதிரில் இருக்கும்வரை அவன் வேறெதையும் பழகத் தேவையில்லை. ஆகவே பிழை அவனுடையதும் இல்லை, கேமினுடையதும் இல்லை.

சூப்பர் டாஷ் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார். ஹெவியும் ஸ்பெஷலும் சேர்ந்தால் ஆள் எதிராளியைத் தேடித் தானாகப் பறக்கிறான். பறக்கும்போது சாதாரண கி (சக்தி) குண்டு அவனை நிறுத்தாது. நீ குண்டு எறிந்துகொண்டிருந்தால் அந்த நேரம் உன் கை கட்டிக்கிடக்கிறது, அவன் வந்து சேர்ந்துவிடுகிறான். கமேஹமேஹா போன்ற நீண்ட ஒளிக்கற்றை என்றால் நிற்பான். ஆனால் அதை அவன் புறப்பட்ட பிறகு பார்த்து விடுவது கஷ்டம், தவறினால் நீண்ட நேரம் வெறுமனே நிற்பாய்.

கீழ் + ஹெவி எல்லாப் பாத்திரத்துக்கும் இருக்கிறது. மேல்நோக்கிய அடி. தொடங்கிய சில பிரேமுக்குள் (பிரேம் என்றால் திரையில் மாறுகிற ஒரு படம்) உன் தலைப்பக்கத்தில் எதுவும் படாது. அதாவது மேலிருந்து வருபவனின் அடி உன்னைத் தொடாது, உன்னுடையது அவனைத் தொடும். இந்தக் கேம் விநாடிக்கு 60 பிரேமில் ஓடுகிறது. அவன் திரையின் மறுபக்கத்திலிருந்து கிளம்பினால் பார்த்து அழுத்தப் போதிய நேரம் உண்டு. கிட்ட நின்று கிளம்பினால் நேரம் இல்லை, பின்பக்கம் பிடித்துத் தடுத்துவிடு. இந்த இரண்டு தூரத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் வேலை. வருவான் என்று ஊகித்து முன்கூட்டியே அழுத்தாதே. காற்றில் போன ஹெவி திரும்பிவர நேரம் எடுக்கும், அதற்குள் ப்ரோலி உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

இதைப் பழக மச்சான் தேவையில்லை. ட்ரெய்னிங் மோடில் பொம்மையின் அசைவைப் பதிவு செய்ய முடியும். நீயே பொம்மையை எடுத்து, கொஞ்சம் நட, நில், ஒரு தரம் பற, பிறகு கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்து பற, ஒரு தரம் சும்மா குதி. இடைவெளி ஒரே மாதிரி இருக்கக் கூடாது. அதை ஓடவிட்டு நீ கோகுவில் நின்று, பறக்கும்போது மட்டும் கீழ் + ஹெவி. சும்மா குதித்ததற்கும் அழுத்தினால் நீ பார்க்கவில்லை, ஊகிக்கிறாய்.

சரி, கொம்போ. உன் நீளமான கொம்போவை ஒரு பக்கம் வை. பந்தைத் தடுக்கத் தெரியாதவன் சிக்ஸர் பழகுகிற மாதிரி அது. கிட்டத்தட்ட எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்துகிற ஒன்று இருக்கிறது: கீழ் + மீடியம், மீடியம், முன்னால் குதி, மீடியம், லைட், லைட், கீழ் + ஹெவி, சூப்பர் டாஷ், லைட், லைட், இன்னொரு குதி, லைட், லைட், ஹெவி. இது ஒன்று கைக்கு வந்தால் மூன்று பேரை வைத்தும் அடிக்கலாம். கி இருந்தால் கடைசி ஹெவிக்குப் பதிலாகச் சிறப்பு அடி ஒன்றைப் போட்டு சூப்பர் என்ற பெரிய அடியில் முடிக்கலாம். ஆனால் அது பிறகு.

பொம்மைக்கு வருவது மச்சானுக்கு வராததற்கு இரண்டு காரணம் உண்டு.

கை பதறும்போது லைட்டை ஒரு தரம் கூட அழுத்துகிறாய். இந்தக் கேமில் லைட்டையோ மீடியத்தையோ திரும்பத் திரும்ப அழுத்தினால் தானியங்கிக் கொம்போ வேலையைத் தொடங்கிவிடும். உன் மச்சானைக் காப்பாற்றுகிற அதே வசதி உன் கொம்போவைக் கெடுக்கிறது. இரண்டு லைட் வேண்டிய இடத்தில் மூன்று போனால் வேறு அடி வந்துவிடும், அதற்குப் பின்னால் நீ பழகியது ஒட்டாது. பழகும்போது வாயால் எண்ணு. பின் அறையில் பொடியன்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் அடிப்பார்கள், கேட்டால் மந்திரம் சொல்கிற மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

மற்றக் காரணம், பொம்மை எப்போதும் தரையில் உனக்கு முன்னால் நிற்கிறது. மச்சான் காற்றில் இருப்பான், தள்ளி இருப்பான், பாதி நேரம் தடுத்துக்கொண்டிருப்பான். அடி பட்டதா, தடுபட்டதா என்று பார்க்காமல் நீ முழுக் கொம்போவையும் அழுத்தி முடிக்கிறாய். பொம்மையைச் சில நேரம் தடுக்கவும் சில நேரம் வாங்கவும் விட்டு வை. முதலில் இரண்டு லைட்டை அடித்துவிட்டுப் பார். பட்டால் தொடர், தடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. லைட்டில் தொடங்கினால் மொத்தச் சேதம் குறையும், அது பரவாயில்லை. கீழ் + ஹெவியில் அவன் மாட்டினால் பார்க்கத் தேவையே இல்லை. அவன் மேலே எறியப்படுவான், உடனே சூப்பர் டாஷ், பிறகு மேலே சொன்ன கொம்போவின் பின்பாதி. அதனால் அந்தப் பின்பாதியைத்தான் நீ முதலில் பழக வேண்டும். தலையிலிருந்து வாலுக்குப் பழகுகிறவர்கள்தான் எப்போதும் வாலில் தவறுகிறார்கள்.

தடுப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, நீயும் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். சாதாரணமாகக் கீழ்ப்பின் பக்கம் பிடித்துக் குந்தியே தடு. கீழடிகள் எல்லாம் அதில் நிற்கும். குதித்து அடிப்பதற்கும், முன் + மீடியம் என்ற சிறு குதிப்பு அடிக்கும் எழும்பித் தடுக்க வேண்டும். அந்த முன் + மீடியம் எல்லோருக்கும் உண்டு, கண்ணுக்குத் தெரிகிற வேகம்தான். அவன் விடாமல் நெருக்கினால் பின் + ஸ்பெஷல் அழுத்து, சரியான நேரத்தில் பட்டால் அவன் தூரத் தள்ளப்படுவான். ஈவோ என்ற பெரிய சண்டைக் கேம் போட்டியில் 2018-இல் சோனிக்பொக்ஸ் வென்றார், 2019-இல் ஜப்பானின் கோ1 வென்றார். கோ1-இன் ஆட்டங்களைத் தேடிப் பார். கொம்போவைப் பார்க்காதே, அடி வாங்குகிற நேரத்தில் என்ன செய்கிறார் என்று பார். ஒன்றும் செய்யமாட்டார். தடுத்துக்கொண்டே இருப்பார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை, என் தம்பிக்கு வந்துவிட்டது, அதனால்தான் அறையில் அவன் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை.

கோகுவை மாற்றாதே. அவனுடைய சிறப்பு அடிகள் கால்வட்டத்தில் வருகின்றன, கீழிலிருந்து முன்னுக்கோ பின்னுக்கோ ஒரு இழுப்பு. எறிகிறது, பாய்கிறது, உதைக்கிறது என்று எல்லா வேலைக்கும் அவனிடம் ஒன்று இருக்கிறது. பழக இதைவிட நல்ல ஆள் கிடையாது.

இன்னொன்று, என் தொழில் சொல்ல வைக்கிறது. திருத்த வருகிற கொன்ட்ரோலர்களில் முக்கால்வாசி இடது ஸ்டிக் தேய்ந்தவை. தேய்ந்த ஸ்டிக் நீ கீழே இழுத்ததைச் சரியாக எடுக்காது, சில நேரம் நீ கேட்காமலே குதிக்கும். திசைப் பட்டனில் பழகு. முதல் கிழமை பெருவிரல் நோகும்.

காத்தநகர்_பிக்கோலோ எழுதியது:

வெஜிட்டா காக்கா சொன்னதில் பாதிக்கு நான் உடன்பாடில்லை. அவர் எப்போதும் இப்படித்தான், புதிதாக வருகிற பிள்ளைகளுக்குத் தடுப்புப் பாடம் எடுத்தே ஓடவிட்டுவிடுவார்.

நீளமான கொம்போ பழகுவது வீண் என்று யார் சொன்னது? இது மூவருக்கு மூவர் ஆட்டம். ஒருவனைத் தொட்டால் அவனை முடித்துவிட்டு வர வேண்டும். பாதி உயிரோடு விட்டால் அவன் மாறி உள்ளே போய் நீல நிற உயிரை மெதுவாக ஏற்றிக்கொண்டு திரும்புவான். சிறிய கொம்போவோடு நின்றுவிட்டால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டியிருக்கும். அதுவும் ப்ரோலியை.

நடுவில் அசிஸ்ட்டை, அதாவது வெளியே நிற்கிற உன் மற்ற ஆளை, உதவிக்குக் கூப்பிட்டு கொம்போவை நீட்டப் பழகு தம்பி. கேமிலேயே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கொம்போ சவால் இருக்கிறது. யூடியூப்பில் வருகிறதை விட அதில் தொடங்கினால் படிப்படியாக ஏறும். எல்லாவற்றையும் முடிக்கத் தேவையில்லை, கடைசியில் வருவன காட்டுவதற்குத்தான், போட்டியில் ஒருவரும் அடிப்பதில்லை.

தானியங்கிக் கொம்போவைக் கேவலமாகப் பார்க்கவும் வேண்டாம். என் மகள் அதை வைத்துத்தான் விளையாடுகிறாள். அவள் என்னை வென்ற நாளும் உண்டு.

களுவாஞ்சி_கோகு எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி நானா. இரவே பதிவு செய்து பார்த்தேன். பறக்கிறதையும் குதிக்கிறதையும் பிரித்துப் பார்ப்பது நினைத்ததைவிடக் கஷ்டம், ஆனால் வருகிறது. முணுமுணுத்துக்கொண்டு அடித்ததைக் கேட்டு அம்மா யாரோடு கதைக்கிறாய் என்று வந்து பார்த்தா.

இன்னும் இரண்டு விஷயம் விளங்கவில்லை. நான் தடுத்துக்கொண்டே இருந்தால் மச்சான் வேறொன்று செய்வான். ஓடிவந்து பிடித்துக் குத்துக் குத்தென்று குத்தி மேலே எறிவான். அதைத் தடுக்க முடியவில்லை. மற்றது, லப்டொப்பில் வருகிற கீழ் + ஹெவி அவனுடைய பிஎஸ்4-ஐ வீட்டு டிவியில் போட்டால் பிந்துகிறது. மனப்பிரமையா?

கோகுவோடு வேறு யாரை எடுப்பது என்றும் சொல்லுங்கள். தொடக்கத்தில் இருந்த 24 பேரில் இருந்துதான் எடுக்க முடியும். பிறகு விற்றவற்றைச் சேர்த்து 44 பேராமே, அவனிடம் ப்ரோலி மட்டும்தான் வாங்கி இருக்கிறது.

ஒலுவில்_18 எழுதியது:

அந்தப் பிடிக்கு டிராகன் ரஷ் என்று பெயர் தம்பி. லைட்டும் மீடியமும் சேர்த்து அழுத்தினால் வருவது. தடுப்பவரை உடைக்கத்தான் அது இருக்கிறது, ஆகவே தடுத்தால் நிற்காது. நீங்களும் அதே நேரத்தில் லைட் + மீடியம் அழுத்தினால் பிடி விலகிவிடும். வருமுன் ஆள் ஒரு மாதிரி மினுங்கிக்கொண்டு ஓடிவருவார், அதைக் கண்டவுடன் அழுத்துங்கள். குதித்தும் தப்பலாம், குதிக்கிற இடத்தில் வேறு அடி காத்திருக்காவிட்டால். அவர் பிடித்த பிறகு அசிஸ்ட் பட்டனை அழுத்தினால் உங்கள் ஆளை வெளியே தள்ளி வேறு ஆளை இழுத்துவர முடியும் என்பது மச்சானுக்குத் தெரியாமல் இருக்கும். நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். உயிர் குறைந்து உள்ளே ஒளிந்திருக்கும் ப்ரோலியை இப்படித்தான் வெளியே எடுப்பது.

அணி என்றால் நான் பக்கச்சார்பாகத்தான் சொல்வேன். நான் விளையாடுவது அன்ட்ரொய்ட் 18. பல்கலைக்கழக விடுதியில் கொன்ட்ரோலர் இல்லாமல் கீபோர்டில் பழகியவள். கீபோர்டில் திசைகள் தனித்தனிப் பட்டன் என்பதால் கால்வட்டம் சுத்தமாக வரும், பழகினால் விடமாட்டீர்கள். 18-ஐ அசிஸ்ட்டாக வைத்தால் கூப்பிட்டவுடன் அவருடைய சகோதரன் 17-உம் சேர்ந்து வந்து ஒரு பாதுகாப்பு வட்டம் போடுவார்கள். சூப்பர் டாஷில் வருகிறவருக்கு அது நல்ல மருந்து. கீழ் + ஹெவி அழுத்தக் கை நடுங்குகிற நாளில் இதுதான் காப்பாற்றும்.

மூன்றாவது ஆளாக செல் என்ற பாத்திரத்தை எடுங்கள். சிலர் கிரிலின் என்பார்கள், தோழருக்கு உயிர் கொடுக்கிற விதை எறிவார் என்பதற்காக. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கை எட்டாத ஆள், தொடக்கத்தில் வேண்டாம். கின்யூவையும் தொடாதீர்கள். தன் படையைக் கூப்பிடுவார், உடம்பை மாற்றுவார், எந்த நேரம் யார் வருவார் என்று நினைவில் வைத்தே தலை சுற்றும். அன்ட்ரொய்ட் 16 பிடித்து எறிகிற ஆள். உங்களுக்குப் பொறுமை இருந்தால் பிறகு பாருங்கள்.

2020-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்று வகை அசிஸ்ட்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஆளைத் தெரிவு செய்கிற திரையிலேயே கேட்கும். பலர் அதைப் பார்க்காமல் முதலாவதையே அழுத்திவிட்டுப் போகிறார்கள். கோகுவுக்கு ஒளிக்கற்றை வருவதை வையுங்கள், தூரத்தில் இருந்தே உதவி கிடைக்கும்.

ஸ்பார்க்கிங் என்று கொஞ்ச நேரத்துக்குப் பலத்தைக் கூட்டுகிற ஒன்று இருக்கிறது, ஆட்டத்துக்கு ஒரு தரம்தான். அடி வாங்கும்போது பதறி அழுத்தி வீணாக்காதீர்கள். அணியில் ஆட்கள் குறையக் குறைய அது நிற்கிற நேரம் கூடும். கடைசி ஆள் மட்டும் மிஞ்சி, மச்சானுக்கு இன்னும் இருவர் இருக்கும்போது போடுங்கள். அந்த நேரத்தில் நீல உயிரும் ஏறும். மாமிக்குப் போன் எடுக்க அவருக்கு மனம் வராது.

ஏறாவூர்_நப்பா எழுதியது:

18 அக்கா வந்தால் பிறகு எங்களுக்கு இங்கே வேலை இல்லை. நப்பாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். சைபாமன் விதைத்து வளர்க்கிற ஆளை மதியுங்கள்.

பாலத்தடி_வெஜிட்டா எழுதியது:

பிக்கோலோவுக்கு முதலில். மகள் வென்ற கதையை இப்போதுதான் வெளியே விட்டிருக்கிறீர்கள், பின் அறையில் இது பல நாள் ஓடும். கொம்போவை நீட்ட வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தம்பி முதலில் ஒருவனைத் தொடட்டும்.

டிவி விஷயம் மனப்பிரமை இல்லை. பெரும்பாலான டிவிகள் படத்தை வடிவாக்குகிறேன் என்று ஒவ்வொரு பிரேமையும் எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்துவிட்டுத்தான் திரைக்கு விடும். நீ பார்ப்பது கொஞ்சம் முன்னம் நடந்தது. படத்துக்கும் நாடகத்துக்கும் அது தெரியாது, இதற்குத் தெரியும். படத்துக்கான செட்டிங்கில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடு. எச்டிஎம்ஐ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டிய டிவிகளும் உண்டு, ஆகவே பிஎஸ்4 கொளுவியிருக்கிற இடத்தில் நின்று போடு. கேம் மோட் இல்லாத பழைய டிவி என்றால் அசைவை மென்மையாக்குகிற வசதிகளைத் தேடி எல்லாவற்றையும் நிறுத்து. உங்கள் வீட்டில் கம்பியூட்டர் மொனிட்டர் இருந்தால் பேச்சே இல்லை, அதில் போடு.

மச்சானுக்கும் அதே டிவிதானே என்று கேட்பாய். பறந்து வருகிறவன் எதையும் பார்த்து அழுத்தத் தேவையில்லை, தான் நினைத்த நேரம் கிளம்புகிறான். பார்த்து அழுத்த வேண்டியவன் நீ. டிவி பிந்தினால் நட்டம் முழுக்க உன் பக்கம்.

அவன் இல்லாத கிழமை நாட்களில் ஒன்லைனில் அவனோடு விளையாட நினைக்காதே. நீ லப்டொப்பில், அவன் பிஎஸ்4-இல், இரண்டும் ஒன்றோடொன்று சேராது. பின்னால் அவன் பிஎஸ்5 வாங்கினாலும் லப்டொப்போடு சேராது. ஆனால் உன்னுடைய லப்டொப் பதிப்புக்கு 2024 பெப்ரவரி கடைசியில் ரோல்பெக், அதாவது ஒன்லைன் தாமதத்தை மறைக்கிற முறை, வந்துவிட்டது. பிஎஸ்5-க்கும் புதிய எக்ஸ்பொக்ஸுக்கும் வந்தது, பிஎஸ்4-க்கு வரவில்லை. லப்டொப்பில் ஒன்லைன் போனால் வைபையை விட்டு ரவுட்டரிலிருந்து வயர் இழுத்துக்கொள். பக்கத்து நாட்டுக்காரர்கள் கிடைப்பார்கள், இரவு பத்துக்குப் பிறகு ஆள் கூடும். அங்கேயும் முதலில் சந்திக்கிறவன் சூப்பர் டாஷில்தான் வருவான்.